பதிவான முகம்

சலவைக்கூடத்துக்கு முக இயந்திரம் வந்த அன்று, வரிசையில் நின்ற எல்லாரும் தலைமுடியைத் தடவி விட்டுக்கொண்டு, யாரோ செத்த வீட்டுக்குப் போகிறவர்கள் போல் நின்றார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. அதுவரை வாசலில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இனிமேல் முகத்தைக் காட்டினால் போதும், சம்பளக் கணக்குவரை எல்லாம் தானாக நடக்கும் என்று இயந்திரத்தை மாட்டிய நிறுவனத்திலிருந்து வந்திருந்த பெண் விளக்கினாள்.

விரிப்பு மடிக்கிறவன் ஒருவனின் முறை வந்தது. காலையிலிருந்து ஒருவரும் சிரிக்கவில்லை என்பது அவனுக்குத் தன் கடமையில் விழுந்த ஓட்டைபோல் உறுத்திக்கொண்டிருந்தது. நேராகப் பார்க்கச் சொன்னாள் அந்தப் பெண். அவன் வாயை இடப்பக்கமாகக் காதுவரை இழுத்து, இடது கண்ணை இடுக்கி, பின்னால் நிற்பவர்களுக்காக ஒரு முகம் காட்டினான். வரிசை சிரித்தது. இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பதிவு முடிந்தது, நன்றி என்றது.

அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினாள். இதை மாற்ற மேலே கேட்க வேண்டும், அடுத்த வாரம் வந்து சரி செய்து தருகிறேன் என்றாள். அடுத்த வாரம் வந்தது. அவள் வரவில்லை.

நல்ல முகத்தைக் காட்டினால் இயந்திரம் அவனை யாரென்றே தெரியாதது போலப் பார்த்தது. கோண முகத்தைக் காட்டினால்தான் பச்சை. ஆகவே தினமும் காலையில், பல் விளக்குவது போல, அவன் வாசலில் நின்று முகத்தைக் கோணினான். முதல் சில நாட்கள் அதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் சீக்கிரம் வந்தார்கள். பிறகு சிரிப்பு குறைந்தது. பிறகு, சீக்கிரம் கோணிவிட்டு நகரு, பின்னால் ஆள் நிற்கிறது என்றார்கள். 'கோணல்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இது பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவனே சொல்லிக்கொண்டான்.

அப்புறம் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாகத் தானே வழிந்தது. கண்ணாடியில் பார்த்தான். முகத்தின் இடப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. வாய் வலப்பக்கம் போயிருந்தது. இடது கண் மூடவில்லை. குளியலறையில் ரொம்ப நேரமாக நின்றவனை மனைவி கதவைத் தட்டி வெளியே கூப்பிட்டாள். அவனைப் பார்த்துவிட்டு, விளையாடாதே என்றாள். இன்னொரு முறை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

டாக்டர் இளைஞர். பயப்பட ஒன்றுமில்லை, நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் தானே சரியாகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். மாத்திரை கொடுத்தார். இரவில் கண்ணை மூடி மேலே பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். கன்னத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டபோது அவனுக்கு அது பக்கத்து வீட்டுக்காரன் கன்னம்போல இருந்தது.

மறுநாள் இயந்திரத்துக்கு முன் நின்று முகத்தைக் கோணப் பார்த்தான். இடப்பக்கம் அசையவில்லை. மீண்டும் முயற்சிக்கவும் என்றது. விரலால் வாயோரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினான். முகத்திலிருந்து கையை விலக்கவும் என்றது. எதிர்முனையில் நின்று அவனோடு விரிப்பு மடிக்கிற அக்கா வரிசையில் பின்னால் இருந்தாள். அவன் ஒவ்வொரு முயற்சியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோணுறதுதான் கோணுச்சு, அந்தப் பக்கமாக் கோணியிருக்கக் கூடாதாடா?" என்றாள்.

வரிசை கொஞ்ச நாளுக்குப் பிறகு மறுபடியும் சிரித்தது. அவனும் சிரித்தான். பாதிதான் வந்தது.

கதவுக்குப் பூட்டில்லை. இயந்திரம் தடுப்பதில்லை, வந்தாரா இல்லையா என்று எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். அவன் உள்ளே போய் வேலை செய்தான். உருளையிலிருந்து வருகிற விரிப்பு கையைச் சுடும். ஆறுவதற்குள் மடித்தால்தான் சுருக்கம் விழாது. இரண்டு முனையை அக்கா பிடிக்க, இரண்டு முனையை அவன் பிடித்து, உதறி, நடந்து வந்து அவள் கையில் கொடுத்து, குனிந்து மடிப்பை எடுத்து மறுபடி பின்னால் போக வேண்டும். நாளெல்லாம் இப்படி ஒருவரை ஒருவர் நோக்கி நடந்தபடியே இருப்பார்கள். பஞ்சுத் தூசி காற்றில் பறந்து அவனுடைய மூடாத கண்ணில் ஒட்டியது. அக்கா ஒவ்வொரு முறை அருகில் வரும்போதும் பார்த்து, தேவைப்பட்டால் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். இரண்டு கையிலும் விரிப்பு இருந்ததால் அவன் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் சூப்பர்வைசரிடம் போனான். 'ப' வருகிற சொற்களெல்லாம் அவன் வாயிலிருந்து காற்றாகப் போயின. பதிவு என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். எழுந்து நின்று கேட்டார். பார்த்தாலே தெரிகிறது, நீ வந்திருக்கிறாய், எனக்குத் தெரியாதா என்றார். ஆனால் எழுதிக்கொடுக்கிற வழக்கம் இப்போது இல்லை, செயலியில் டிக்கெட் போடு என்றார்.

"பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாலாவது எங்கயாவது கொண்டுபோய் விடுவான் சார்," என்றான் அவன். சூப்பர்வைசர் அதற்குச் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தார்.

அவன் டிக்கெட் போட்டான். உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம் என்று உடனே பதில் வந்தது. இவ்வளவு வேகமாக யாரும் அவனை முக்கியம் என்று சொன்னதில்லை. புதிய முகத்தைப் பதிவு செய்யலாம் என்றது. அதற்கு முன், வேறு யாரும் அவன் பெயரில் மாற்றிவிடாமல் இருக்க, பழைய முகத்தைக் காட்டி உறுதி செய்யவும் என்றது. அவன் போனைக் கொஞ்ச நேரம் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். பிறகு சட்டைப்பையில் போட்டான்.

சம்பள நாளில் சாப்பாட்டு நேரத்தில் கூடம் முழுக்கப் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. அவனுடையது போடவில்லை. ஒலி குறைந்திருக்கிறதா என்று பார்த்தான். குறைந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தன் போனைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

வீட்டில் மனைவி கணக்குப் பேசவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து, டாக்டர் சொன்னபடி 'ஆ', 'ஈ' சொல்ல வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்து சொன்னாள். சின்னப்பிள்ளைக்குப் பால் ஊட்டுகிறவர்கள் தங்கள் வாயையும் திறப்பது போல இருந்தது அது. முடித்துவிட்டுச் சொன்னாள்:

"வேலைக்குப் போற. வரலைங்கறான். பேசாம வீட்டுல இருந்துடேன், அவன் சொல்றதாவது சரியா இருக்கட்டும்."

அவன் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். வீட்டில் உட்கார்ந்தால் இயந்திரம் சொன்னது உண்மையாகிவிடும். பிறகு எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? இருக்கிற வாயோ பாதி. மறுநாளும் போனான்.

சில வாரங்கள் கழித்து, அந்தப் பெண் பின்வாசலுக்கு இன்னொரு இயந்திரம் மாட்ட வந்தாள். கழுத்தில் அதே அட்டை. ஏணியில் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அழுக்கு மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனவன், வண்டியை நிறுத்திவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஏணி ஆடிக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் பிடித்தான். அவள் குனிந்து பார்த்து நன்றி சொன்னாள். பிறகு இன்னொரு முறை பார்த்தாள்.

"நீங்களா அண்ணா? இப்பவும் அதே மாதிரிப் பண்ணிட்டு..." என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"இல்லம்மா. இது நிஜம்," என்றான்.

அவள் இறங்கி வந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். காற்றாகப் போகிற சொற்களை அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சூப்பர்வைசர், டிக்கெட், பிறகு கூப்பிட்டுப் பார்த்த உதவி எண், அதில் ஓடிக்கொண்டே இருந்த பாட்டு, எல்லாம் சொன்னான். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் குழப்பமாக இருக்கிறது என்றான். மாற்றுவது அவ்வளவு கஷ்டமான வேலையா என்று கேட்டான்.

அவள் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு நிமிஷ வேலைண்ணா. உங்க டிக்கெட் என் கிட்டதான் வந்துச்சு. தொட வேண்டாம்னு இங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஆளைக் குறைக்கணுமாம். நிறுத்தினா உங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துதான் நிறுத்தணும். நீங்களா வராம நின்னுட்டா ஒண்ணும் கொடுக்க வேண்டாம்."

அவன் ஏணியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். அதில் யாரும் இல்லை.

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரு எந்திரிச்சு நின்னு கேட்டாரும்மா."

அவள் திருப்புளியைப் பையில் போட்டாள். அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன் என்று அன்றைக்குச் சொன்னது நான்தான் என்று மட்டும் சொன்னாள். மன்னிப்பு கேட்கப் போகிறாள் என்று தோன்றியது. அதற்கு இடம் கொடுக்காமல் அவன், போகட்டும் விடும்மா, அன்றைக்கு நேராகப் பார்த்திருக்க வேண்டியது நான் என்றான்.

உள்ளே உருளைகள் ஓடும் சத்தம் மாறியது. அடுத்த சுமை வந்துவிட்டது. அவன் வண்டியைத் திருப்பினான். இரண்டு எட்டு போய் நின்றான்.

"அப்ப இப்ப நான் உள்ள போலாமா, கூடாதா?"

"போலாம்ணா. வேலையும் செய்யலாம்," என்றாள் அவள். "அதை யாரும் தடுக்க மாட்டாங்க. வந்ததா மட்டும் ஆகாது."

திறந்திருந்த கதவு வழியாக அக்கா தெரிந்தாள். ஆவி பறக்கிற விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, பிடிக்க ஆளில்லாத மறுபுறம் தரையில் புரண்டுவிடாதபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.