நாலாயிரம் வரிக்குள் தாய்மாமன்

சரவணம்பட்டியில் பஸ் டிக்கெட் மென்பொருள் எழுதும் அந்தக் கம்பெனியில், ‘டிக்கெட் போடு’ என்கிற மெத்தட், அதாவது அந்த ஒரு வேலைக்கான நிரல், நாலாயிரத்து முந்நூறு வரி நீளம் இருந்தது. அதில் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் ஆள் உள்ளே இறங்கித்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் பாட்டிலோடு இறங்கிய நந்தகோபால் வியாழன் காலை வரை வெளியே வரவில்லை.

இதற்கெல்லாம் அங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை. போன வருஷம் பொங்கலுக்கு இறங்கிய ஒருவர் தீபாவளிக்குத்தான் வந்தார். ஆனால் நந்தகோபாலின் அக்கா கோகிலவாணியும் இரண்டு மேசை தள்ளி அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவள் மகள் இதழினிக்கு மொட்டையடித்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்தினால் ஊர் சும்மா விடுமா? ஊரை விடுங்கள், அவளுக்கே மனசு ஆறாது. இருப்பது ஒரே ஒரு தம்பி.

மேலாளர் பரந்தாமனிடம் போய் நின்றாள்.

“தேடிட்டுப் போனா நீங்களும் உள்ளயே மாட்டிக்குவீங்க,” என்றார் அவர். “மெத்தட்டைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுப் போடுங்க. அவரே வெளிய வந்துருவாரு.”

“நாளைக்குக் காலைல விசேஷமுங்க சார்.”

“அப்ப சீக்கிரம் ஆரம்பிங்க.”

ஆரம்பித்தாள். பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரே வேலையைச் செய்யும் வரிகளை மட்டும் வெட்டியெடுத்துத் தனி அறையாக்கி, அது செய்கிற வேலையையே பெயராக எழுதிக் கதவில் மாட்ட வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் கதவு திறக்காது. முதல் அறைக்கு அவசரத்தில் ‘இதர வேலைகள்’ என்று எழுதினாள். கதவு அசையவே இல்லை. ‘ஊர்ப் பெயரைச் சரிபார்’ என்று மாற்றியதும் திறந்தது. உள்ளே பொள்ளாச்சியும் பல்லடமும் வரிசையில் நின்றிருந்தன.

அதன்பிறகு வேலை சூடு பிடித்தது. ‘ஜன்னல் சீட் கொடு’ என்றொரு அறை. ‘கைக்குழந்தைக்கு டிக்கெட் கேட்காதே’ என்றொரு அறை. ஒவ்வொரு கதவையும் திறந்து தம்பியைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். ஓர் அறையில், பத்து வருஷம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டதாக எல்லோரும் நினைத்திருந்த ஜெரால்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

மாலை ஐந்து மணிக்குள் மெத்தட் முழுக்க அறுபது அறைகளாகிவிட்டது. இனி யாரும் உள்ளே இறங்க வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே கதவுப் பெயர்களைப் படித்தால் போதும். பரந்தாமன் பெயர் மாட்டிய கதவுகளை எல்லாம் ஒரே மூச்சில் படித்தார்.

“ஓ, நாம பஸ் டிக்கெட்டா போட்டுக்கிட்டு இருந்தோம்,” என்று தலையாட்டினார்.

மூன்று கதவுகளுக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை. மூன்றிலும் அதே பன்னிரண்டு வரிகள்தான். கோகிலவாணி கொஞ்ச நேரம் யோசித்து, ‘பஸ்காரர் பதில் சொல்லும்வரை காத்திரு’ என்று எழுதினாள். மூன்றும் ஒன்றாகத் திறந்தன. மூன்றிலிருந்தும் நந்தகோபால் வந்தான்.

அவசரத்தில், தான் உட்கார்ந்திருந்த வரிகளையும் சேர்த்தே காப்பி எடுத்து இன்னும் இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறான். இந்தப் பழக்கம் வேண்டாமடா என்று அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே?

“ஒரே மாதிரி மூணு இருந்தா ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்த அழிச்சிரணும்,” என்றார் பரந்தாமன். “அதுதான் முறை.”

“எந்தம்பிய நானே அழிப்பனுங்களா சார்?”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூவரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் மூன்று தாய்மாமன்களும் ஒரே மாதிரிப் பட்டு வேட்டியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் மாமன் மடியில் வலது காது குத்தியாயிற்று. இரண்டாவது மாமன் மடியில் இடது காது. இதழினி இரண்டு தடவையும் மண்டபம் அதிர அழுதாள். ஆசாரி ஊசியைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

மூன்றாவது நந்தகோபால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

“அப்ப நான் மட்டும் மாமன் இல்லியாக்கா?” என்று கேட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

தாய்மாமன் கோபித்துக்கொண்டு வெளியேறினால் அப்புறம் அது என்ன விசேஷம்? அத்தனை கதவையும் திறந்து தேடியது இதற்குத்தானா? கோகிலவாணி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் விடுவித்துக்கொண்டான்.

“வாங்க தம்பி, வந்து உட்காருங்க,” என்றார் ஆசாரி, டப்பாவை மறுபடி திறந்தபடி. “உங்களுக்கு இல்லாமலா?”

அவன் முகம் கொடுக்காமல் வந்து உட்கார்ந்தான். ஆசாரி குழந்தையை அவன் மடியில் வைத்து, சந்தனம் பூசிய மொட்டைத் தலையை மெதுவாகத் திருப்பினார். பின்னந்தலையில் பிஞ்சாக ஒரு காது வந்திருந்தது.

தோடு இரண்டுதான் வாங்கியிருந்தார்கள். கோகிலவாணி தன் மூக்குத்தியைக் கழற்றி ஆசாரியிடம் நீட்டினாள்.