நெல்தாள் அழுகும் மாதம்

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில்தான் எங்கள் ஆய்வுக்கூடம். எண்பத்தாறில், நெல்வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவை அளந்துகொண்டிருந்தோம். பூமியைச் சூடாக்குவதில் அதற்கும் பங்குண்டு என்று வெளிநாட்டில் பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்கே பேச்சு கிளம்பினாலும் முதல் வரிசையில் நிற்க வேண்டும், அதுதான் எங்கள் தலைவர் ராமபத்ரன் சாரின் கொள்கை.

அளந்த வயல் கமலாக்ஷி அக்காவுடையது. 'உடையது' என்பதெல்லாம் பேச்சுக்கு. நிலம் மிளகு வியாபாரி வெங்கிடாசலத்துக்குச் சொந்தம். காயலோரத்து வயல் அது. மழைக்காலத்தில் அக்கா நெல் போடுவாள். அறுப்பு முடிந்ததும் வெங்கிடாசலம் உப்புநீரை உள்ளே விட்டு இறால் வளர்ப்பார். கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு, தாளை நீரிலேயே அழுக விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இறாலுக்கு அதுதான் தீனி.

"இந்தப் பெட்டி வச்சா என் நெல்லுக்கு ஏதானும் வருமோ மோளே?" என்று அக்கா முதல் நாளே கேட்டாள்.

"ஒண்ணும் வராது அக்கா. காத்தை மட்டும்தான் எடுப்போம்."

நெல் நின்ற மாதங்களில் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, ஊசியால் உறிஞ்சிய காற்றில் மீத்தேன் கொஞ்சம்தான் இருந்தது. அறுப்புக்குப் பிறகு தாள் அழுகத் தொடங்கியதும் பெட்டிக்குள் குமிழி குமிழியாகப் பொங்கியது. ராமபத்ரன் சாருக்கு வாயெல்லாம் பல். அந்த இறால் மாத அளவைத் தூக்கி, ஆய்வுக் கட்டுரையில் 'நெல்' என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டார்.

"சார், இது நெல் விட்ட வாயு இல்லை. இறாலுக்காக அழுக விட்ட தாள்" என்றேன்.

"தாள் நெல்லோடதுதானே? வயலும் அதே வயல்தானே? சும்மா இரேன்."

நான் சும்மா இருக்கவில்லை. கத்தினேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். மகராசன், உடனே எடுத்துவிட்டார்.

வில்லிங்டன் தீவில் ஒரு ஹோட்டலில் நடந்த கருத்தரங்கில் சார் பேசியது பேப்பரில் வந்தது. காயலோர நெல் உலகத்துக்கே கேடு என்று போட்டிருந்தார்கள். வெங்கிடாசலம் அந்தப் பேப்பரோடு அக்கா முன்னால் போய் நின்றார்.

"சயன்ஸ்காராளே சொல்லியாச்சு. இனி நெல் வேண்டாம். வருஷம் முழுக்க இறால்தான்."

அவர் கடைக்கே போய், எந்த மாதத்து வாயு எதிலிருந்து வந்தது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாயா குடிக்கறேளா?" என்றார். வயல் அக்கா கையைவிட்டுப் போயிற்று.

அடுத்த கார்த்திகையில் சார் என்னை அதே வயலுக்கு அனுப்பினார். இறாலுக்கு இப்போது மூட்டைத் தீனி; நெல் போடாத வயலில் தாள் ஏது? தாள் இல்லாத தண்ணீரில் குமிழி ஏது?

"பாத்தியா ஸ்வர்ணலதா? நெல் போச்சு, வாயுவும் போச்சு. நான் அப்பவே சொன்னேன்" என்றார் சார். என் பெட்டியே அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் படகுத்துறைக்குப் பக்கத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் அக்காவைப் பார்த்தேன். ஐஸில் ஊறி விரல்கள் வெடித்திருந்தன.

"என் வயல்ல இப்போ அந்தக் காத்து உண்டோ மோளே?"

"இல்லை அக்கா."

"அப்போ லோகம் ரக்ஷப்பட்டாச்சு, இல்லியா?"

சிரிக்காமல்தான் கேட்டாள். என் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த இறாலின் தலையைக் கிள்ளினாள்.