பதினோராவது பயிற்சி

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் தாய் தகப்பன் கல்லறை மேல் ஆணை. போன மாதம் புதிதாகக் கட்டிய என் மேல்வரிசைப் பல் மேல் ஆணை. கோபே நகரத்தில் எங்கள் பேட்டைக்கு வந்து குசுமோட்டோ எய்சாகு எப்படிப்பட்ட ஆள் என்று விசாரித்துப் பாருங்கள். என் மனைவி கினுயோவையே கேட்கலாம். அவள் பதில் சொல்லமாட்டாள், ஆனால் தாராளமாகக் கேட்கலாம்.

நாற்பத்தோரு வருஷமாக, காலை ஆறரை மணிக்கு, எங்கள் பேட்டைப் பூங்காவில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நிற்பவன் நான். வானொலியில் உடற்பயிற்சிக்கான பியானோ ஆரம்பிக்கும். நான் கையைத் தூக்குவேன், எதிரே நிற்கும் நாற்பது ஐம்பது பேரும் தூக்குவார்கள். மொத்தம் பதின்மூன்று பயிற்சிகள். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவதால் எங்கள் நாட்டில் அது தெரியாத ஆள் கிடையாது. முடிந்ததும், வரிசையாக வருகிறவர்களின் கழுத்தில் தொங்கும் அட்டையில், அன்றைய தேதிக் கட்டத்தில், சிட்டுக்குருவி படம் போட்ட நீல முத்திரையைக் குத்துவேன். கடைசியாக என் அட்டையில் நானே குத்திக்கொள்வேன். மழை, புயல், நிலநடுக்கம், என் கல்யாணநாள் எதற்கும் விடுப்பு கிடையாது.

இதில் கினுயோவுக்கு ஒரு வருத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நாற்பத்தோரு வருஷமும் சாதமும் சூப்பும் ஆறரைக்கு ஆக்கிவைத்தாள், நான் ஏழேகாலுக்கு வந்து ஆறியதைக் குடித்தேன். அவ்வளவுதான்.

ஐம்பதாவது கல்யாணநாளுக்கு முந்தைய மாதம், கப்பல் பயணம் போகலாம் என்று அவளே சொன்னாள். நாற்பது நாள். தெற்கே, பனைமரமும் பவளமும் இருக்கிற தீவுகள் வரைக்கும். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அப்போது ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். பச்சைக் கோடு போட்ட காகிதம். விவாகரத்துக்கு வார்டு அலுவலகத்தில் கொடுப்பது. என் பெயருக்குப் பக்கத்தில், எங்கள் நாட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற என் பெயர் முத்திரை சிவப்பாக, நேராக, அழகாக விழுந்திருந்தது.

"இதுல நான் எப்போ முத்திரை போட்டேன்?"

"போன வியாழக்கிழமை. பேட்டைச் சுற்றறிக்கை வந்துச்சுல்ல, குப்பை எடுக்கற நாள் மாறுதுன்னு. அதுக்குள்ள வெச்சுக் கொடுத்தேன். படிக்காம குத்துனீங்க."

எங்கள் பக்கத்தில் சுற்றறிக்கை வீடு வீடாக வரும். பார்த்தேன் என்று முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். அதைப் படித்துவிட்டுக் குத்தியவன் எவனாவது உண்டா?

"இன்னும் என் முத்திரை விழல" என்றாள். "அது என் கைப்பையில இருக்கு. நாப்பது நாள், காலையில நீங்க என் எதிர்ல உக்காந்து சூடா சூப்பு குடிக்கணும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கையைத் தூக்கி ஆட்டுனீங்கன்னு வெச்சுக்கங்க, அங்கயே குத்திடுவேன்."

"மழை பெஞ்சாலும் பூங்காவுக்குப் போனவன் நான்."

"தெரியும். குடை கொண்டுவந்து கொடுத்தவ நான்தான்."

கப்பல் ஏறினோம். என் சட்டைப் பையில் அட்டை இருந்தது. பழக்கம், வேறு காரணம் இல்லை.

முதல் நாள் காலை ஆறரைக்கு என் வலது கை தானாக எழும்பியது. அதை இடது கையால் பிடித்தேன். இடது கையும் எழும்பியது. கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிற ஆள் என்ன நினைப்பான்? ஓடிவந்து ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தான். கை இறங்கவில்லை. இன்னொன்று வைத்தான். பயிற்சி முடிகிற நேரத்துக்கு என் முன்னால் எட்டுக் கிண்ணம் கஞ்சி இருந்தது.

"பசியா?" என்றாள் கினுயோ.

"பயங்கரப் பசி" என்றேன். எட்டையும் குடித்தேன்.

இரண்டாம் நாளிலிருந்து கையை என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். அவள் கரண்டியால் சூப்பு ஊட்டினாள். பக்கத்து மேஜைக் கிழவிகள் "ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் எவ்வளவு பாசம் பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தென்கிழக்கே போகப் போகக் கப்பல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். என் கைகளுக்கு அது தெரியுமா? அவை கோபே நேரப்படியே ஏழரைக்கு எழும்பின. கினுயோவும் ஏழரை வரை மேஜையை விட்டு நகரவில்லை. என்னை அவ்வளவு தெரிந்தவள்.

இப்படி இருபத்தைந்து நாள். அட்டையில் இருபத்தைந்து கட்டம் காலி, பல் விழுந்த வாய் மாதிரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சூடான சூப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இருபத்தாறாம் நாள் விடியும்போது, ஒரு சின்னத் தீவுக்கு முன்னால், கப்பல் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எந்திரத்தை முன்னால் ஓட்டினார்கள், பின்னால் ஓட்டினார்கள். கோழி அடைகாக்கிற மாதிரி அசையாமல் இருந்தது. தீவுக்காரர்கள் படகில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு இளநீர் கொடுத்து, எதிரே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கு வேறு வேடிக்கை இல்லை.

கப்பல் தலைவர் உராகாவா எங்கள் எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார். தொள்ளாயிரம் பேர். எழுபதுக்குக் கீழே யாரும் இல்லை.

"பெரியவங்க மன்னிக்கணும்" என்று இடுப்பு ஒடியக் குனிந்தார். "அடியில மணல் லேசாத்தான் பிடிச்சிருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல குதிச்சா கப்பல் விடுபட்டுரும். நான் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்றேன்."

சொன்னார். சிலர் மூன்றில் குதித்தார்கள். சிலர் மூன்றுக்குப் பிறகு குதித்தார்கள். சிலர் மற்றவர்கள் குதித்து முடிக்கட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தார்கள். கப்பல் தும்மல் வந்து அடங்கிய மாதிரி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் கத்தினார்: "தலைவரே, ஒண்ணு ரெண்டு மூணுக்கெல்லாம் எங்க முழங்கால் கேக்காது. வானொலிப் பயிற்சி போடுங்க. அதுல பதினோராவது குதிக்கறதுதானே!"

எல்லோரும் "ஆமாம், ஆமாம்" என்றார்கள்.

"அப்போ நேரா பதினொண்ணுக்குப் போயிடலாமா?" என்றார் உராகாவா.

தொள்ளாயிரம் பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு பல்லியைச் சூப்பில் போட்டவனைப் பார்க்கிற பார்வை.

"முதல் பத்தைச் செய்யாம எப்படிப்பா பதினொண்ணு?" என்றாள் ஒரு கிழவி, பரிதாபமாக.

வானொலி அங்கே எடுக்கவில்லை. முன்னால் நின்று எண்ணிக்கை சொல்லி நடத்த ஒரு ஆள் வேண்டும். எட்டுக் கிண்ணம் கஞ்சி வைத்த அந்தப் பரிமாறுகிறவன் என்னைக் கைகாட்டினான். "இவர் தினமும் மேஜைக்கடியில பண்றாரு சார்."

"குசுமோட்டோ சான்!" உராகாவா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் காப்பாத்தணும்."

நான் கினுயோவைப் பார்த்தேன். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அதற்குள் முத்திரை. அதற்குள் பச்சைக் கோடு போட்ட காகிதம்.

"எனக்கு முழங்கால் வலி" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் கினுயோ. "தொள்ளாயிரம் பேர் பாவத்தை என் தலையில கட்டலாம்னா?"

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"மூஞ்சி சொல்லுது." பெருமூச்சு விட்டாள். "நீங்க கையைத் தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் தூக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? தள்ளுங்க."

சோயா எண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். கைப்பையை என்னிடம் தரவில்லை, முழங்கையில் மாட்டிக்கொண்டாள். பியானோ மெட்டை வாயாலேயே முனகிக்கொண்டு, "முதல்ல நிமிர்ந்து கையை மேல தூக்குங்க! ஒண்ணு, ரெண்டு!" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், நான் அசந்துபோனேன். எங்கள் சமையலறை ஜன்னல் பூங்காவைப் பார்த்தது. நாற்பத்தோரு வருஷம் அங்கே நின்று கேட்டிருக்கிறாள். வானொலிக்காரர் ஐந்தாவது பயிற்சிக்கு முன்னால் தொண்டையைச் செருமுவதைக்கூட விடவில்லை.

ஒன்பது வரை பிசகில்லை. பத்தாவது, உடம்பை வட்டமாகச் சுற்றுவது. எதிரே நிற்கிறவர்களுக்கு இடம் என்றால் பெட்டிமேல் நிற்கிறவருக்கு வலம். ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்? பாதி ஜனம் இந்தப் பக்கம் சுற்ற, பாதி ஜனம் அந்தப் பக்கம் சுற்ற, தலைகள் முட்டிக்கொண்டன. கினுயோ நின்றுவிட்டாள். இத்தனை பேர் முன்னால் அவள் தோற்றுப்போய் நின்று நான் பார்த்ததே இல்லை.

என் கைகள் சட்டைப் பைக்குள் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? ஏறுங்க."

"காகிதம்?"

"ஏறுங்கன்னு சொல்றேன்ல!"

பெட்டி சின்னது. ஒருவர் கால்மேல் ஒருவர் ஏறாமல் நிற்க முடியாது. பத்தாவதை முதலிலிருந்து சேர்ந்து செய்தோம். "பதினொண்ணு!" என்று இருவரும் ஒரே மூச்சில் கத்தினோம். தொள்ளாயிரம் பேரும் எழும்பினார்கள், தொள்ளாயிரம் பேரும் இறங்கினார்கள், ஒரே சத்தம். நாலாவது குதியில் மணல் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எட்டாவது குதியில் கப்பல் மிதந்தது. தீவுக்காரர்கள் பாயில் எழுந்து நின்று அவர்களும் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

உராகாவா ஆனந்தத்தில் அழுதார். ஆனால் எந்திரத்தை ஓட்ட ஓடவில்லை. பன்னிரண்டும் பதின்மூன்றும் பாக்கி இருக்கிறதே! அவரும் மாலுமிகளும் எங்களோடு நின்று கடைசி ஆழ்ந்த மூச்சை இழுத்து விட்டு முடிக்கும்போது கப்பல் ஆளில்லாமல் மூன்று மைல் மிதந்து போயிருந்தது.

அறைக்கு வந்தோம். பரிமாறுகிறவன் மேஜைமேல் சூடாகச் சூப்பு வைத்துவிட்டுப் போயிருந்தான். கினுயோ கைப்பையைத் திறந்தாள். முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, "ஹா" என்று அதன்மேல் ஊதினாள். கட்டில் நுனியில் உட்கார்ந்தேன்.

"எடுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"சட்டைப் பையில இருக்கே, அதை. இருபத்தாறு நாளா நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

அட்டையை நீட்டினேன். இருபத்தாறாம் நாள் கட்டத்தில் அழுத்திக் குத்தினாள். சிவப்பாக, கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. பச்சைக் கோடு போட்ட காகிதத்தை நாலாக மடித்தாள், குனிந்தாள், ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள்.

"இப்போ சூப்பு சிந்தாது" என்றாள். "வாங்க, ஆறறதுக்குள்ள குடிங்க."

நெஞ்சுக்குள் கப்பல் ஒன்று மணலை விட்டுக் கிளம்பிய மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு கிண்ணம் குடித்தேன். அதற்குப் பிறகு மிச்சம் பதினான்கு நாளும் நாங்கள் இருவரும் அந்தப் பெட்டிமேல் நின்றோம். முடிந்ததும் சேர்ந்து போய்ச் சூடாகச் சாப்பிட்டோம். இதுதான் நடந்தது, இப்படித்தான் நடந்தது.

அந்த வருஷத்து அட்டையைக் கினுயோ எங்கள் சமையலறைக் கதவில் ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறாள். சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள்: முந்நூற்று அறுபத்தைந்து கட்டத்தில் ஒன்றுகூடக் காலி இல்லை, ஒன்றுகூடச் சிவப்பு இல்லை, அத்தனையும் நீலச் சிட்டுக்குருவி.