ஒரு கை தைக்காத சட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் கேட்டது கொலைக் கதை. எனக்குக் கிடைத்ததோ, பேன்ட் இடுப்பைத் தளர்த்தக் கொடுத்தபோது டெய்லர் வாயிலிருந்து வந்த ஒரு கடன் கதை.

'இருட்டில் அந்தக் கத்தி பளபளக்க, அவன் மெல்ல…'

(அந்த வரியை அடித்துவிட்டேன். அது துணி வெட்டும் கத்தரி. நேரமும் பட்டப்பகல்.)

2

டெய்லரின் பெரியப்பா கடன் கொடுத்தார். தையல் மெஷின் வந்தது. பணம் திரும்புவதற்குள் பெரியப்பா போய்விட்டார்.

கடன் கொடுத்தவரைக் கொல்வதுதான் என் வழக்கம். இங்கே அவர் முன்பே செத்துவிட்டார். கடன் மட்டும் உயிரோடு இருக்கிறது. அவர் இருந்திருந்தால் 'போகட்டும் விடுடா' என்றிருக்கலாம். இறந்தவரால் அதுகூட முடியாது.

சொத்தைப் பிரிக்க வேண்டும் என்று பெரியப்பா மகள் கடைக்கு வந்தாள். டெய்லர் அவகாசம் கேட்டான். போன தடவையும் இதேதான் கேட்டாய் என்றாள்.

"என் பங்கு வேணாம்டா. என் கூடப்பொறந்த தம்பி பங்கை வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?"

மெஷினை விற்றுவிடுவதாக டெய்லர் ஒப்புக்கொண்டான். விற்றால் கடன் தீரும். பிழைப்பும்தான்.

3

(இந்த டெய்லரை எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. காரணம் இதோ.)

கடைசி மாதங்களில் பெரியப்பா அடிக்கடி வந்தாராம். தெருமுனையில் தலை தெரிந்ததுமே இவன் ஷட்டரை இழுத்துவிட்டு, உள்ளே மூச்சடக்கி நிற்பான்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது பெரியப்பா மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா சட்டைத்துணி கொடுத்தாரே, என்னடா ஆச்சு? அதைக் கேக்கத்தான் நடையா நடந்தாரு. பணத்தைப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசினதில்ல."

மேஜைக்கடியில், வெட்டியது வெட்டியபடியே தைக்காமல் கிடந்தது துணி.

4

முடிவு ஒன்று: அவளுடைய தம்பி மனம் மாறி, பங்கை விட்டுக்கொடுக்கிறான். (நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: துணிக்குள்ளிருந்து ஒரு வைரம். (என் பழைய சரக்கு. எனக்கே அலுத்துவிட்டது.)

நடப்பது இதுதான். மெஷினை வாங்கியவன் வாசலில் வண்டியோடு நிற்கிறான். "இது ஒண்ணுதாண்ணே, முடிச்சிடறேன்" என்று டெய்லர் அந்தச் சட்டையை ஊசிக்கடியில் வைத்திருக்கிறான். உடம்பு ஆயிற்று, காலர் ஆயிற்று, ஒரு கை ஆயிற்று. இன்னொரு கை பாக்கி. அது முடிந்தால், போட்டுக்கொள்ள ஆளில்லாத சட்டை ஒன்று தயார். மெஷின் வண்டியேறும்.

வாராவாரம் சளைக்காமல் ஆட்களைத் தீர்த்துக்கட்டியவன் நான். இந்த ஒரு தையலைப் போட என்னால் ஆகவில்லை. மெஷின் மிதியில் அவன் கால் இருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன்.

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அவனுக்கு நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.