கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தவள்

ஊழியக்காரர் மேடையில் தையல்காரியைப் பற்றிப் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், தையல்காரி கூடத்தின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. கதவு திறந்ததை யாரும் பார்க்கவில்லை. மடியில் பாதி தைத்த சட்டைக் கையும் உதடுகளுக்கு நடுவில் சில குண்டூசிகளுமாக இருந்த அவளை வெளிநாட்டு விருந்தாளி என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பெண் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. டீ கொண்டுவந்தவர் ஒரு கோப்பை மிஞ்சிவிட்டதே என்று அதைத் தானே குடித்துவிட்டார்.

ஊழியக்காரரையும் அவர் மனைவியையும் தையல்காரியின் அந்தத் தூர நாட்டுக்கு ஊழியம் செய்ய அனுப்பி வைத்தது அவர்களுடைய சொந்த ஊர்ச் சபை. சில வருடங்களுக்கு ஒருமுறை மகளோடு விடுப்பில் வருவார்கள். விடுப்பு என்று பெயர்தானே ஒழிய, பெட்டியை இறக்கிய வாரமே சபை சபையாகப் போய், போன இடத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மேசையில் அந்த நாட்டுப் பாய், கூடை, மரக்கரண்டியைப் பரப்புவார்கள். மகள் அந்த நாட்டு உடுப்பில் அந்த மொழிப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். உடுப்பு ஒவ்வொரு விடுப்பிலும் குட்டையாகிக்கொண்டே வந்தது. தங்குவதற்குக் கூடத்தின் பின்னால் விருந்தினர் அறை. அங்கே கட்டில், தலையணை, குளியலறை வாளி எல்லாமே யாரோ ஒருவர் வேண்டாம் என்று கொடுத்தவை. "அது நான் குடுத்த ஸ்வெட்டர்தானே அக்கா? என்னைவிட உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று வாசலில் நிறுத்திச் சொல்வார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஊழியக்காரரின் மனைவி அந்த அன்பை வாங்கிக்கொண்டு, அறைக்குள் போய் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, குளிரில் உட்கார்ந்திருப்பாள்.

நடந்தது இதுதான். அந்த நாட்டில் போய் இறங்கிய முதல் மாதத்தில் மூன்று பேரும் காய்ச்சலில் விழுந்தார்கள். எதிர் வீட்டுத் தையல்காரி, முன்பின் தெரியாதவர்களைத் தன் வீட்டுக்குள் தூக்கிவந்து போட்டாள். வெட்டுமேசைக்கு அடியில் துணிக்குவியலில் குழந்தையைப் படுக்க வைத்து, காலால் மிஷினை ஓட்டிக்கொண்டே கையால் கஞ்சி ஊட்டினாள். முதல் விடுப்பில் ஊழியக்காரர் இதை உள்ளபடி சொன்னார். கடைசி வரிசையில் யாரும் வந்து உட்காரவில்லை. சபைச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரசங்கம் நீண்டால் அப்படிப் பார்ப்பார் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்றே பெயர். முடிந்ததும் அவர், "அய்யா, நீங்க அவங்களுக்கு உதவி பண்ணின கதை ஏதாவது இருந்தா நல்லா இருக்கும். அவங்கதான் உங்களுக்குப் பண்றாங்கன்னா நாங்க எதுக்கு உங்களை அனுப்பணும்?" என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு வேறொரு கூடத்தில், தையல்காரியைக் காப்பாற்றியவர்கள் தாங்கள் என்று ஊழியக்காரர் வாயிலிருந்து வந்தது. அன்றைக்குத்தான் அவள் வந்து உட்கார்ந்தாள்.

தையல்காரியின் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். மாதக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டான். முதல் விடுப்பில் ஊழியக்காரர் சொன்ன கதையில் அவள் புருஷன் ஊரில் இல்லாத பெண்ணாக இருந்தாள். அடுத்த விடுப்பில் புருஷன் இல்லாத பெண் ஆனாள். அதற்கடுத்ததில் விதவை. ஒரு மழைக்காலக் கூட்டத்தில் குடிகாரியும் ஆனாள். ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தாள். ஒருமுறை தோளில் அளவு நாடாவோடு, ஒருமுறை தலையில் எண்ணெய் வழிய. ஊழியக்காரர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. கூரைமேல் ஏறி வேலை செய்பவன் கீழே பார்க்காமல் இருப்பதுபோல அவர் கடைசி வரிசையைப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டார். சபைகளுக்கோ இந்த வருகை பெரிய சந்தோஷம். மற்ற ஊழியக்காரர்கள் படம்தான் காட்டினார்கள், இவர் ஆளையே காட்டுகிறார் என்று தூரத்துச் சபைகளும் அழைத்தன. கடிகாரம் மட்டும், "பாஸ்போர்ட்டு விசா எல்லாம் சரியா இருக்குல்ல? பின்னால நமக்குத் தலைவலி வரக்கூடாது" என்று விசாரித்துவிட்டு, டீயில் ஒரு கோப்பை கூட்டிப் போடச் சொன்னார்.

உள்ளதைச் சொன்னால் யாரும் வருவதில்லை, ஒருவரைப் பற்றி அவருக்கே அடையாளம் தெரியாத கதையைச் சொன்னால்தான் அந்த ஆள் வந்து நிற்கிறார் என்பதை முதலில் கண்டுகொண்டவள் மனைவி. கணவரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கூட்டத்துக்கு ஆள் வர்றது தப்பா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் அவளிடமும் இருந்தது. கடைசி வரிசைக்கு வந்தவளைச் சாட்சி சொல்லும்படி சபைகள் கேட்க ஆரம்பித்திருந்தன; அதை மொழிபெயர்க்கும் வேலை அவளுடையது.

"தங்கச்சி, யாராவது செத்துட்டாங்களா? என்னைப் பாத்து ஏன் எல்லாரும் அழறாங்க?" என்று தையல்காரி தன் மொழியில் கேட்டாள். மனைவி ஒலிபெருக்கியில், "உங்க எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க" என்றாள். இன்னொரு கூடத்தில், "இந்த நாற்காலி என் இடுப்பை ஒடிக்குது. சீக்கிரம் விடச் சொல்லு, கல்யாண உடுப்பு ஒண்ணு தைச்சு முடிக்கணும்" என்றாள். "உங்க ஜெபத்தாலதான் உயிரோட இருக்கேன்னு சொல்றாங்க" என்றாள் மனைவி. முதல் தடவை நாக்கு கூசியது. பிறகு கூசவில்லை. கூசாமல் போனதுதான் அவளைப் பின்னாளில் அரித்தது. தன் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது.

விடுப்பு முடிந்து திரும்பிப் போனால் அங்கே எதிர் வீட்டில் தையல்காரி இருப்பாள். வேலைக்கு நடுவில் தான் எங்கோ போய்வந்தது பற்றி அவளுக்குப் பெரிய வியப்பு இல்லை. தையல் கெட்டுப்போகிறது என்ற எரிச்சல்தான். "உங்க ஊர்ல கோப்பை ரொம்பச் சின்னது. அய்யா என்னைப் பத்தி என்னதான் பேசறாரு?" என்று கேட்டாள். "நல்லதாத்தான் பேசறாரு அக்கா" என்றாள் மனைவி. "அப்படியா? நல்லதுக்கு இவ்வளவு அழுகையா?" என்று சொல்லித் தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு மனைவியுடைய ரவிக்கையின் தோள் பக்கம் பிரிந்திருப்பதைப் பார்த்து, நிற்கவைத்தே தைத்துவிட்டாள். ஊசி தோலில் படாமல் ஏறி இறங்கியது. படக்கூடாதா என்று மனைவிக்கு இருந்தது.

மகள் அந்த மொழியில் வளர்ந்தவள். தையல்காரியைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். சிறுமியாக இருந்தவரை கூட்டங்களில் பாடி முடித்ததும் தூங்கிவிடுவாள். தூங்காத வயது வந்தது. அந்த விடுப்பில், கூட்டம் முடிந்து விருந்தினர் அறையில் உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, பெரியம்மா அப்படிச் சொல்லலையே."

"மொழிபெயர்ப்புன்னா கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும்."

"முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. அது வேற ஊர்லயே இருந்துச்சு." உடுப்பைக் கட்டில் மேல் வைத்தாள். "அடுத்த வாரம் நான் பாடமாட்டேன். மைக்கை என்கிட்ட குடுங்க, நான் சொல்றேன்."

அந்த வாரம் முழுவதும் மனைவி மகளின் முகத்தைப் பார்க்காமல் தலை வாரிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஊழியக்காரர் விதவையைத் தெருவிலிருந்து தூக்கிவந்த இடத்துக்கு வந்ததும் தையல்காரி வந்தாள். ஒரு கிழவி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல தாலியறுத்துட்டு நிக்கிறியேம்மா" என்று விம்மினாள். மகள் இருக்கையிலிருந்து எழுந்ததை மனைவி பார்த்தாள். மகளை அவள் முந்திக்கொண்டாள். தையல்காரியிடம் போய், அவள் மொழியில், உன் புருஷன் இறந்துவிட்டதாகவும், நீ குடித்து விழுந்து கிடந்ததாகவும், நாங்கள் உன்னைக் காப்பாற்றியதாகவும் என் கணவர் இத்தனை வருடம் சொல்லிவருகிறார் என்றாள்.

"செத்துட்டாரா?" என்று தையல்காரி சிரித்தாள். "காலையிலகூட பட்டன் இல்லைன்னு கத்திட்டுப் போனாரே! சாகறவருக்கு எதுக்குப் பட்டன்?" கிழவியின் கையை மெல்ல விலக்கினாள். சிரிப்பு நின்றுபோனது. "இவங்ககிட்டயும் சொல்லு."

மனைவி ஒலிபெருக்கியை எடுத்துச் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், துணிக்குவியலைச் சொன்னாள், கஞ்சியைச் சொன்னாள். உள்ளது ஒவ்வொன்றாக வெளியே வர, தையல்காரி முழங்காலிலிருந்து மேல்நோக்கி மெலிய ஆரம்பித்தாள். நாற்காலியின் முதுகு அவள் வழியாகத் தெரிந்தது. முழுவதும் மறைவதற்கு முன், "நீ நல்லவ, தங்கச்சி. உன் வாயில பொய் வராது" என்றாள். மொழிபெயர்ப்பில் தான் மாற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ளும் அடுத்த வாக்கியம் மனைவியின் வாயில் தயாராக இருந்தது. ஒலிபெருக்கியும் கையில் இருந்தது. மகள் நின்றபடி காத்திருந்தாள். மனைவி ஒலிபெருக்கியை அணைத்து மேசைமேல் வைத்தாள்.

ஊழியக்காரர், "அவ சொன்னதெல்லாம் உண்மை. தப்பு என்னுடையது மட்டும்தான்" என்றார். மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தானே வெள்ளைத் துணியை அவிழ்த்து மடித்தார். கடிகாரம் அன்றைக்குக் கையைப் பார்க்கவே இல்லை.

சபை அவர்களை அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. ஊழியக்காரர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனார். சபையில் அவரைக் கண்டால் பேச்சு நிற்கும். அவர் மனைவியைக் கண்டால் இடம் விட்டு உட்காரவைப்பார்கள். சத்தியத்துக்காகச் சொந்தப் புருஷனையே விட்டுக்கொடுத்துப் பேசியவள் என்று இளம்பெண்களுக்கு அவளைக் காட்டினார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். வீட்டிலும் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அவளால் கொஞ்சம் மூச்சுவிட முடிந்திருக்கும்.

பிறகு ஒருநாள் காலை வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி, கையில் கரண்டியோடு, கடலுக்கு அப்பால் வெட்டுமேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தைக்கக் கொடுக்க வந்த பெண்கள். தையல்காரி அவர்களிடம், "நான் சொன்னேனே, இவதான் அவ. என் வாயிலேர்ந்து வந்த ஒரு வார்த்தையைக்கூட மாத்தாம அவ்வளவு பேர் முன்னால சொன்னவ" என்றாள். பெண்கள் அவளை அன்போடு பார்த்தார்கள். ஒருத்தி கரண்டியை வாங்கித் துடைத்து வைத்தாள். இன்னொருத்தி, "பேசச் சொல்லுக்கா" என்றாள்.

எதனால் தான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. அந்த மொழி அவளுக்கு நன்றாகவே வரும். மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள், "நன்றி" என்றாள். குரல் இனிமையாகத்தான் இருந்தது.

அதன்பின் அது வழக்கமானது. அங்கே புது வாடிக்கைக்காரி யாராவது வந்து, தையல்காரி அந்தக் கதையை எடுத்தால், இவள் போய்விடுவாள். அடுப்படியில் சத்தம் நின்றதும் மகள் எழுந்து வந்து அடுப்பைத் தணிப்பாள். அச்சகத்துக்குக் கிளம்பும் அப்பா, "அம்மா போயிட்டாளா?" என்பார். "இப்பதான்" என்பாள் மகள். அவர் தானே காப்பி கலந்துகொண்டு, அவளுக்கும் ஒரு டம்ளர் கலந்து மூடி வைத்துவிட்டுப் போவார்.