பொக்கைக்கு முளைத்த இறகு

ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவன் டச்சப். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் தொப்பையை உள்ளே தள்ளுவது, குடும்பப் படத்தில் சரியான நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்ட சித்தப்பாவுக்குக் கண்ணைத் திறந்து வைப்பது, இதெல்லாம் அவன் வேலை. இருபது வருடத்தில் அந்த வட்டாரத்துப் பாதிக் குடும்பங்களின் முகங்கள் அவன் கைக்குள் வந்து அழகாகிப் போயிருக்கின்றன.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் 'கண்ணில் உயிர் வைப்பான்'. கருவிழியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அது இருந்தால்தான் பார்வை உயிரோடு இருக்கும், இல்லாவிட்டால் பொம்மைக் கண்ணாகத் தெரியும். ஸ்டூடியோவின் பெரிய சதுர விளக்கு ஒரு பெண்ணின் கண்ணில் அழகாக விழுந்திருந்ததை ஒருநாள் வெட்டி எடுத்துத் தனியாகச் சேமித்து வைத்தான். நாலு மூலை, நடுவில் குறுக்காக ஒரு கம்பி. அன்றிலிருந்து யார் கண் மங்கியிருந்தாலும் அந்தச் சதுரத்தைச் சுருக்கி ஒட்டிவிடுவான். மணப்பெண், மாமனார், தொட்டில் குழந்தை என்று அவன் பாகுபாடே பார்த்ததில்லை.

அவன் மனைவி பஸ் ஓட்டுகிறாள். அவள் ஓட்டும் தடத்தின் கடைசி நிறுத்தம் ஏரிக்கரையில் இருக்கிறது. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி கிளம்புவதற்கு இருபத்திரண்டு நிமிடம். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள், காலை நீட்டிப் படுப்பார்கள், மேலதிகாரியைத் திட்டுவார்கள். இவள் சீட்டுக்கு அடியிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு, தகர வேலி ஓரமாகப் போய் முழங்கால் அளவு கோரையில் உட்கார்ந்துவிடுவாள்.

கேமராவும் நீள லென்ஸும் அவளுடைய தம்பி கொடுத்தவை. அவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஆசை வரும், ஏழாவது மாதம் போய்விடும். அக்காவுக்கு அப்படி இல்லை. ஒரு மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்ந்து மீனோடு மேலே வருகிற அந்த நொடியைப் பிடித்தே தீருவேன் என்று இரண்டு வருடம் விடாப்பிடியாக நின்றாள். வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராதான். ஆனால் மீன்கொத்தி அதற்கெல்லாம் காத்திருக்குமா? ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் வெறும் கிளை, மீதி எல்லாவற்றிலும் வால். தம்பி ஒருநாள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, முகம் இருக்கிற பறவை எதையாவது எடுக்கலாமே" என்றான். அவனுக்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

அவள் குறி வைத்தது ஏதோ ஒரு மீன்கொத்தியை அல்ல. அந்த ஏரியில் ஒன்றுக்கு வலது சிறகில் ஒரு இறகு கிடையாது. எதிலோ மாட்டி வேரோடு போயிருக்க வேண்டும், திரும்ப முளைக்கவே இல்லை. சிறகை விரித்தால் நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி சந்து தெரியும். அதற்குப் பொக்கை என்று பெயர் வைத்திருந்தாள். பொக்கை இன்றைக்கு மூன்று தடவை பாய்ந்தது, பொக்கைக்கு இன்றைக்குப் பெரிய மீன், பொக்கை இன்றைக்கு என்னைப் பார்த்து முறைத்தது என்று சாப்பிடும்போதெல்லாம் செய்தி வாசிப்பாள். டச்சப் ம் கொட்டுவான். அவன் அந்தப் பறவையை நேரில் பார்த்ததே இல்லை.

ஒருநாள் காலை அது கிடைத்தே விட்டது. தண்ணீர் சிதறி நிற்க, இரண்டு சிறகும் முழுக்க விரிந்திருக்க, அலகில் வெள்ளி மாதிரி மீனோடு பொக்கை நேராகக் கேமராவைப் பார்த்து வந்தது. நிறுத்தத்திலிருந்தே போன் செய்தாள். பறவை நோக்கர் சங்கத்தின் கண்காட்சிப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். அவளுக்கோ சாயங்காலம் வரை வண்டி. இடையில் தம்பியிடம் கார்டைக் கொடுத்து ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டு, புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வெளிச்சத்த மட்டும் கொஞ்சம் தூக்குங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க."

அவன் சரி என்றான். மனதாரத்தான் சொன்னான். வெளிச்சத்தைத் தூக்கினான். தூக்கியதும் சிறகின் சந்து பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த படத்தில் இது ஒரு குறையாக நிற்கிறதே என்று அவன் மனம் கேட்கவில்லை. இடது சிறகிலிருந்து ஒரு இறகை எடுத்துத் திருப்பி வலதில் ஒட்டினான். முகத்தில் குறுக்காக ஓடிய நீர்த்துளியைத் துடைத்தான். கண் கறுப்பாக மங்கிக் கிடந்தது. கை தன் பாட்டுக்குப் போய்ப் பழகிய இடத்திலிருந்து பழகியதை எடுத்து வந்து வைத்தது. மொத்தம் இருபது நிமிடம். போட்டிக்கு அனுப்பிவிட்டு, மனைவியின் போனுக்கும் சின்னதாக ஒரு பிரதி அனுப்பினான். சிக்னலின் சிவப்பு விளக்கில் நின்றபடி உள்ளங்கையகலத்தில் பார்த்து, அழகாக இருக்கிறது என்று அவள் பதில் போட்டாள். டச்சப்புக்கு உச்சி குளிர்ந்தது.

பத்தாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. படம் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. ஆனால் பறவையின் கண்ணில் ஸ்டூடியோ விளக்கு தெரிகிறது. பறவையைப் பிடித்து அடைத்து, தொட்டியில் மீன் விட்டு, விளக்குப் போட்டு எடுத்ததாகச் சந்தேகிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும், தவறினால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவீர்கள்.

அவள் கொதித்துப்போனாள். இரண்டு வருடம் கோரையிலும் கொசுவிலும் உட்கார்ந்தவளைப் பார்த்துக் கூண்டில் அடைத்தாய் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்தச் சங்கத்தில்தான் அவளை முதன்முதலாக யாரோ 'நம்ம போட்டோகிராபர்' என்று கூப்பிட்டிருந்தார்கள். போட்டி போனால் போகட்டும், பேர் கெடக்கூடாது, போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்றாள். டச்சப்புக்கு அந்தக் கண் ஞாபகம் வந்தது. மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனதும் படத்தைத் திறந்து கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தான். நாலு மூலை, நடுவில் கம்பி.

சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தான். அவள் எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டான். சனிக்கிழமை சொல்லத் துணிந்தபோது அவளே, "நீங்களாவது என் பக்கம் இருக்கீங்களே" என்றாள். அதற்கு மேல் எங்கே சொல்வது? ஞாயிறு காலை மடிக்கணினியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

கூட்டம் நூலகத்து மாடியில். பதினைந்து பேர் இருந்தார்கள். தலைவி ஒரு பல் டாக்டர், கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பவர். அவர் பேசச் சொன்னதும் ஓட்டுநர் எழுந்தாள். எந்த இடம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், வண்டி எங்கே நின்றது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கூண்டுப் பறவையைக் கண்டால் தனக்கே மூச்சு முட்டும் என்றாள். கடைசியில் கையை நீட்டிக் காட்டினாள்.

"இதோ என் வீட்டுக்காரர் இருக்காரு. வெளிச்சத்த மட்டுந்தான் தூக்கினாரு. வேணும்னா அவரையே கேட்டுக்கோங்க."

பதினைந்து தலைகளும் டச்சப் பக்கம் திரும்பின. அந்த நேரம் பார்த்து டாக்டர் அம்மா படத்தைச் சுவரில் போட்டார். ஆள் உயரத்துக்கு மீன்கொத்தி வந்து நின்றது. அதை அவ்வளவு பெரிதாக அவள் இப்போதுதான் பார்க்கிறாள். கண்ணில் இருந்த விளக்கை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சிறகைப் பார்த்தாள். நீட்டிய கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"இது பொக்கை இல்லையே" என்றாள்.

சண்டை போட வந்தவளின் குரலே இல்லை அது. தொலைந்துபோன பிள்ளை என்று யாரோ வேறு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல விழித்தாள். அதைப் பார்த்த பிறகு டச்சப்பால் உட்கார முடியவில்லை. எழுந்தான். இருபது வருடம் மற்றவர்கள் முகத்தைச் சரிசெய்தவன் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றான்.

"நான்தாங்க. அது எங்க ஸ்டூடியோ விளக்கு. எல்லார் கண்ணுலயும் வைக்கிறத இதுக்கும் வச்சிட்டேன். இறகையும் நான்தான் ஒட்டினேன். அவளுக்கு எதுவுமே தெரியாது. தொடாதேன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல. இவ ஒருத்திதான் சொன்னா. நான் கேக்கல."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, கேமராவிலிருந்து வந்தது வந்தபடியே இருந்த மூலப் படத்தைத் திறந்தான். அவசரத்தில் இரண்டு தடவை தவறான படம் வந்தது. இரண்டும் வால். மூன்றாவதாகப் பொக்கை வந்தது. கொஞ்சம் இருட்டு, கண் கறுப்பு, முகத்தில் குறுக்காக நீர்த்துளி, சிறகின் நடுவே சந்து. அந்தச் சந்து வழியாக அக்கரையின் பச்சை ஒரு கீற்றாகத் தெரிந்தது. டச்சப்புக்கே அது இப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு இறகு குறைவாக வைத்துக்கொண்டு இவ்வளவு தண்ணீரைக் கிழித்து வருகிறதே என்று முதல் தடவையாகத் தோன்றியது. அறையில் யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

டாக்டர் அம்மா வெகுநேரம் பார்த்தார். "பொக்கை வாய்க்குப் பல் கட்டுறது என் தொழில். பொக்கைச் சிறகுக்கு இறகு கட்ட ஒரு ஆள் இருக்கார்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. பிறகு அவர் முறைப்படி சொன்னார்: கூண்டுப் புகார் தள்ளுபடி, சங்கம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்கும். ஆனால் அனுப்பிய படம் மாற்றிய படம் என்பதால் போட்டியில் இல்லை. மூலப் படத்துக்கோ தேதி போய்விட்டது. அது போட்டிக்கு வெளியே, கண்காட்சி வாசலில் மாட்டப்படும், ஓட்டுநர் சம்மதித்தால். அவள் சரி என்று தலையை மட்டும் அசைத்தாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். டச்சப் மன்னிப்பை நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தான். ஐந்தாவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பினாள்.

"வேற எதுல கை வச்சிருக்கீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை உண்மை சொன்ன வாய் அன்றைக்கு நிற்க மறுத்தது. நம் கல்யாணப் படத்தில் என்று சொல்லிவிட்டான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அவள் தாடையில் ஒரு தழும்பு உண்டு. கூடத்துச் சுவரில் பதினாறு வருடமாகத் தொங்கும் படத்தில் அது இல்லை. வெளிச்சத்தில் தெரியாமல் போயிருக்கும் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். "மூலம் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. அதை மட்டும் அவன் எந்தக் காலத்திலும் அழித்ததில்லை. பழைய குறுவட்டைத் தேடியெடுத்துப் போட்டுத் திறந்துவிட்டு, தண்டனை கேட்கப்போகிறவன் மாதிரி பக்கத்தில் நின்றான்.

திரையில் தழும்போடு இருபத்தாறு வயது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தாடையைத் தடவிப் பார்த்தபடியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழுகையை எதிர்பார்த்தான். அவளோ விரலைத் திரையில் பக்கத்து ஆள்மேல் வைத்தாள்.

"இது யாரு?"

மாப்பிள்ளைக் கோலத்தில் டச்சப். இன்றைக்கு உச்சியைத் தொட்டுவிட்ட அந்த நெற்றி அன்றைக்கே பாதித் தலைக்கு ஏறியிருந்தது. சுவரில் இருந்த மாப்பிள்ளைக்கு அலை அலையாக முடி. உன்னைக் கட்டின பிறகுதான் எனக்கு முடியெல்லாம் கொட்டிச்சு என்று பதினாறு வருடமாக எத்தனை தடவை சொல்லியிருப்பான்! அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அவளும் அன்றைய நெற்றியை மறந்து, அதை நம்பி, அவ்வப்போது வருத்தம்கூடப் பட்டிருக்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கிப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். அவன் அசடு வழிய, திரையை மூடப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"மூடாதீங்க. நாளைக்கே இதப் பெருசாப் போட்டு மாட்டுங்க. சரின்னு நான் சொன்னது இந்த நெத்தியப் பாத்துத்தான்."