ஏழு காது சாட்சி

என் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் நீளம். ஊரில் இன்னும் ஆறு பேருக்கு அப்படித்தான். எல்லாம் சீமாட்டி ரிக்கென்சாவின் கைங்கரியம்.

அன்று காலை இன் என்ற ஆற்றின் கரைப் புல்வெளியில் ஊரே கூடியிருந்தது. ரொட்டி சுடும் வெர்ன்ஹராகிய நான் ஏழு சாட்சிகளில் கடைசி ஆள்.

எங்கள் பவேரியாவில் நிலத்தைக் கொடுப்பவர் அங்கிருந்தே புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டி, வாங்குபவர் கையில் வைத்து, நிபந்தனையை உரக்கச் சொல்ல வேண்டும். கட்டியைக் கையில் வைத்திருந்தால் சம்மதம். கீழே போட்டால் அந்த நிலத்தில் அவருக்கு இனி ஒரு பாத்தியதையும் கிடையாது. முடிவில் சாட்சிகளின் காதைப் பிடித்து இழுப்பார்கள். வலித்தது மறக்காதல்லவா!

அதற்கு முந்தின வருஷம் பிரபு கெப்ஹார்ட் தொற்றுக் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவிச் சகோதரர்கள்தான். கூடப் பிறந்த தம்பி ஓர்டோல்ஃப் வாசலோடு நின்றுவிட்டார். "அவங்களுக்கு ஆத்தோரத்துல ஒரு மடம் கட்டிக் குடு" என்று மனைவி ரிக்கென்சாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு பிரபு கண்ணை மூடினார்.

மறுநாளோடு துக்க வருஷம் முடிகிறது. அதன்பின் விதவை கொழுந்தனின் காவலுக்குப் போய்விடுவாள். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பிடி மண்ணைக்கூடக் கொடுக்க முடியாது. ஓர்டோல்ஃபோ அந்த இடத்தில் மாவு ஆலை வைக்க ஆள்கூடப் பார்த்துவிட்டார். ஆக, அன்று விட்டால் மடம் இல்லை.

ஓர்டோல்ஃப் குதிரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"அண்ணி, இந்தப் பிச்சைக்காரப் பட்டாளம் மண்ணைக் கையால தொடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"பார்க்கலாம், தம்பி."

சீமாட்டி கணவரின் குத்துவாளால் கட்டியை அறுத்தெடுத்து, சகோதரர் லியுபோல்டிடம் நீட்டினார். லியுபோல்ட் இரண்டு கைகளையும் அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் தாயே. சொந்தமா எதையும் வெச்சுக்கக் கூடாதுங்கறது எங்க சபை விதி. இருக்கச் சொன்னா இருப்போம். வாங்கிக்க மாட்டோம்."

"தோல்கிடங்குல நனைஞ்சுகிட்டுப் படுத்திருக்கீங்க, இந்த வீம்பு எதுக்கு சாமி?" என்றான் என் பக்கத்தில் நின்ற கசாப்புக்காரன் எக்கார்ட்.

"எட்டு இடத்துலதாம்ப்பா ஒழுகுது."

கூட்டம் சிரித்தது. சீமாட்டி சிரிக்கவில்லை. மண்கட்டி நீட்டிய கையிலேயே இருந்தது.

ஓர்டோல்ஃப் குதிரையிலிருந்து குதித்தார். "வாங்க ஆள் இல்லாத தானம் தானமே இல்ல. எங்க தாத்தா காடு வெட்டிச் சீராக்கின நிலம், அநாதையா அந்தரத்துல நிக்குது. கொண்டாங்க இப்படி."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அவர் செய்த தப்பு அதுதான்.

சீமாட்டியின் குரல் அக்கரை வரை கேட்டது.

"என் கொழுந்தன் ஓர்டோல்ஃப் கையில இந்த நிலத்தைக் குடுத்துட்டேன். சொந்தத்துக்கு இல்ல. ரோமாபுரித் திருச்சபை பேர்ல, காவலுக்கு. சகோதரர்கள் இங்க மடம் கட்டி இருப்பாங்க. காவல்காரர் இதை விக்கக் கூடாது, ஆலை வைக்கக் கூடாது, அவங்களை வெளியேத்தக் கூடாது."

ஓர்டோல்ஃபின் முகம் வெளுத்தது. விரல்கள் தளர்ந்தன.

"போடுங்க தம்பி, தாராளமாப் போடுங்க. உங்களுக்கும் இந்த நிலத்துக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு ஏழு பேரும் பார்த்துக்குவாங்க. அப்புறம் இதையே வெர்ன்ஹர்கிட்ட குடுப்பேன். அவன் வாங்கிப்பான்."

நான் கையில் ஒட்டியிருந்த மாவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"ஏமாத்திட்டீங்க அண்ணி."

"நானா கூப்பிட்டேன்? நீங்களா நீட்டின கை. உங்கண்ணன் சாகறப்போ இந்தக் கையை ஒரு தடவை பிடிச்சுக்கணும்னு கேட்டாரு. அன்னைக்கு நீட்டல."

ஓர்டோல்ஃப் ஆற்றைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்க குடும்பச் சின்னம் மடத்துல எங்க வரும்?"

"கோயில் கிழக்கு சன்னல்ல. அண்ணன் பேரும் தம்பி பேரும் பக்கத்துப் பக்கத்துல."

அவர் விரல்கள் கட்டியை இறுக்கிக்கொண்டன. சீமாட்டிக்கு அது போதும். விறுவிறுவென்று சாட்சிகள் வரிசைக்கு வந்தார். எக்கார்ட் அலறியதே அலறல். கடைசியில் என் முறை.

"காதைக் கழுவினியா, வெர்ன்ஹர்?"

"போன ஞாயித்துக்கிழமை கழுவினேன், சீமாட்டி."

இழுத்த இழுப்பில் அதற்கு முந்தின ஞாயிறும் ஞாபகத்துக்கு வந்தது.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஓர்டோல்ஃப் மட்டும் அதே இடத்தில் நின்றார். ஈர மண் அவருடைய விலையுயர்ந்த மேலங்கியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதை நான் எங்க வைக்கிறது?" என்றார் லியுபோல்டிடம்.

"அந்த முள்செடிக்குப் பக்கத்துல வைங்க ஐயா. கோயில் பீடம் அங்கதான் வரப்போகுது."

ஓர்டோல்ஃப் நடந்துபோய், முழங்காலை மடக்கி, கட்டியைத் தரையில் வைத்தார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.